உறங்குகிறது என்று எழுதினேன்

விதைப் பரிசோதனைக் கூடத்தில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்களுக்காக, நம் நிறுவனம் வளர்ந்த விதத்தைப் பற்றி எழுதித் தருமாறு என்னிடம் கேட்டிருந்தார்கள். வளர்ச்சி என்று சொல்லத்தக்கவை எல்லாம் வரவேற்பறைச் சுவரில் படங்களாக இருக்கின்றன. உத்திரமேரூருக்கு வெளியே என் தந்தையின் முதல் விதை வயல், மாட்டுக்கொட்டகையைத் தடுத்து அமைத்த விதை அறை, வாலாஜாபாத்தில் எடுத்த முதல் கிடங்கு. அவற்றை நான் மறுபடி வரிசைப்படுத்துவதால் உங்களுக்குப் பயன் இல்லை. அந்தச் சுவரில் இடம்பெறாத, மார்கழியில் நாற்று விடும் நவரைப் பட்டம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் பாராட்டத்தக்க செயல் எதையும் செய்யவில்லை. ஆறுதலான முடிவும் அதற்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் தந்தை, குட்டை நெல் விளைந்திருந்த தம் வயலில், மற்றவற்றைவிடப் பத்து நாள் முந்தி முற்றியிருந்த ஒரு தூரைக் கண்டு தனியே அறுத்து வைத்தார். அடுத்த பட்டத்தில் அதன் மணிகளை வரிசை வரிசையாக நட்டார். தேறாத வரிசைகளைக் கழித்துக்கொண்டே வந்தார். ஏழு பட்டங்கள் கழிந்தபின் பதினேழாம் வரிசை மட்டும் ஒரே சீராக நின்றது. சித்தப்பா அதற்கு வைக்கத் தெய்வப் பெயர்களாக அடுக்கினார். "வரிசை நம்பரே போதும்டா, சாமிய எதுக்கு சாக்குல கட்ற?" என்று தந்தை முடித்துவிட்டார். விதைப் பையின் சீட்டில் 'பதினேழு' என்று அச்சாயிற்று. ஊர் வாயில் அது 'பதினேயு'.

நான் பி.ஏ. தமிழ் முடித்து வந்தபோது பதினேழைப் பதினோரு ஊர்களில் நட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மேலே படிக்க விருப்பம். தந்தைக்குக் கையெழுத்து நன்றாக உள்ள ஆள் தேவை. ஆறு மாதம் என்று சொல்லி உட்கார வைத்தார். ஓய்வு பெறும்வரை அதே தொழிலில் இருந்தேன்.

எங்கள் விதை அறையில் சில சொற்களைச் சொல்லமாட்டார்கள். நெல்லை அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்று சொல்லி, அடுத்ததற்கு 'ரெண்டு' என்பார்கள். மூட்டை தீர்ந்துபோனால் 'நெறஞ்சி போச்சி' என்பார்கள். முளைக்காத விதையைச் செத்த விதை என்று யாரும் சொல்லக்கூடாது. 'தூங்குது' என்றுதான் சொல்ல வேண்டும். மங்கல வழக்கு என்ற தலைப்பில் கல்லூரியில் படித்தது இங்கே நாள்தோறும் காதில் விழுந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. செத்தாரைத் துஞ்சினார் என்பது அந்தப் பாடத்தில் எல்லோரும் முதலில் எழுதும் எடுத்துக்காட்டு. துஞ்சுதல் என்றால் உறங்குதல். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

தந்தை அச்சடித்து வைத்திருந்த முளைப்புப் பதிவேட்டில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒன்று 'முளைத்தது'. மற்றொன்று 'உறங்குவது'. நூறு மணிகளை ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஏழாம் நாள் பிரித்து எண்ணி, இரண்டு கட்டங்களையும் நிரப்ப வேண்டும். கூட்டினால் நூறு வரவேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக அறுத்த நெல் உண்மையாகவே சில வாரங்கள் உறங்கும். உயிர் இருக்கும், முளைக்காது. ஆறேழு வாரங்கள் கழித்து வைத்தால் அதே நெல் நூற்றுக்குத் தொண்ணூறு எழுந்துவிடும். ஆகையால் 'உறங்குவது' என்ற கட்டம் பொய்யானதன்று. பொய்யானதாக இருந்திருந்தால் அதை யாராவது ஒருவர் முன்பே திருத்தியிருப்பார்கள்.

இப்போது பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காவாந்தண்டலம் காலனியிலிருந்து நடந்து வருவார். கலவன் பிடுங்கும் பெண்கள் ஒன்பது பேரை முன்னின்று நடத்துபவர் அவர். கலவன் என்பது விதை வயலில் ரகம் மாறி நிற்கும் பயிர். அதைப் பூக்குமுன் பார்த்துப் பிடுங்காவிட்டால் விதை கெடும். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை நான் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்தேன். அன்று அது எனக்கு உறுத்தவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு வயலை வரப்போடு சுற்றிப் பார்த்து 'கலவன் இல்லை' என்று குறித்துக்கொண்டு நின்றேன். பாக்கியம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒன்பது பயிர்கள் இருந்தன.

"எண்ணிக்கோ பாப்பா. லாபம், ரெண்டு, மூணு..."

"எல்லாம் ஒரே மாதிரிதான கீது?" என்றேன்.

"ஒரே மாதிரியா? நம்ம பதினேயு எல வெறப்பா நிக்கும், போலீஸ்காரன் மாதிரி. இது பாரு, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால நிக்கிற மாதிரி கவுந்துக்கினு கீது."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "காலேஜில நாலு வருசம் இன்னாதான் சொல்லிக்குடுத்தாங்களாம்?" என்று கேட்டாள்.

"மூணு வருசம்" என்று திருத்தினேன். அதற்கு இன்னும் கூடுதலாகச் சிரித்தார்கள்.

அன்று என் குறிப்பை அடித்துத் திருத்தி எழுதினேன். தந்தையிடம் சொன்னபோது, "பாக்கியம் சொன்னா எழுதிக்கோ. அவ கண்ணுக்கு தப்பாது" என்றார். அதன்பின் வயலில் அவர் சொல்வதை நான் எழுதினேன். முளைப்புச் சாக்கைப் பிரிப்பதற்கும் அவரையே அழைத்துக்கொண்டேன். முளைக்காத மணியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் அது உறங்குகிறது. நசுங்கி நீர் விட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. அவர் அழுத்தியபின் நானும் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்வேன். இது முறையான பரிசோதனை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சொர்ணவாரி அறுவடை. ஆவணிக் கடைசி. அறுத்த கட்டுகளைக் களத்தில் போராக அடுக்கிய அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தொடர்ந்து நான்கு நாட்கள் விட்டுவிட்டுப் பெய்தது. தந்தை அப்போது வாலாஜாபாத்தில் கிடங்கு எடுக்கும் வேலையில் இருந்தார். களத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். ஐந்தாம் நாள் தார்ப்பாயை விலக்கிப் போருக்குள் பாக்கியம் கையை விட்டார்.

"அய்யய்யோ, உள்ள அடுப்பு மாதிரி கீது."

"ஈரக் கட்டு சூடாத்தான் இருக்கும். ஒடனே அடிச்சு காயப் போடுங்க" என்றார் சித்தப்பா.

அடித்துக் காயவைத்த நெல் பொன் போல இருந்தது. தூற்றித் தூய்மை செய்து பையில் நிரப்பியபோது யாரும் அதில் குறை சொல்லியிருக்க முடியாது. நவரைக்குப் பதினோரு ஊர்களுக்கும் கொடுக்க இருந்த விதை பெரும்பாலும் அதுதான்.

புரட்டாசிக் கடைசியில் முதல் பரிசோதனை வைத்தேன். நூற்றுக்கு நாற்பத்தொன்று முளைத்தது. அன்று பாக்கியம் வரவில்லை. அழுத்திப் பார்ப்பது எனக்குத் தோன்றவும் இல்லை. தந்தை வாலாஜாபாத்துக்குக் கிளம்பிப் பேருந்துக்கு நடந்துகொண்டிருந்தார். பின்னால் ஓடி எண்ணிக்கையைச் சொன்னேன்.

"புது நெல்லு இல்ல? தூங்கும். எழுதிக்கோ" என்றார், நடையை நிறுத்தாமல்.

எழுதிக்கொண்டேன்: உறங்குவது, ஐம்பத்தொன்பது.

இதற்கிடையில் பாக்கியத்தின் வாழ்வில் ஒரு மாறுதல் நேர்ந்திருந்தது. காவாந்தண்டலம் ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கரை, நவரைக்கு மட்டும் பயிர் வைத்துப் பார்க்கும்படி நிலக்காரர் ஒருவர் அவர் கணவரிடம் விட்டிருந்தார். நன்றாக விளைந்தால் தொடர்ந்து அவர்களிடமே விடுவதாகப் பேச்சு. அவர்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் தம் பயிர் என்று ஒன்றை வைத்ததில்லை. நான் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பாக்கியம் வாசலில் நின்று இதைச் சொன்னார்.

"எல்லார் பயிரையும் நான் புடுங்கினேன். இந்த தபா என் பயிர நீ வந்து புடுங்கணும் பாப்பா. கூலி கெடையாது, கூழு ஊத்தறேன்."

"கலவன் எதுன்னு எனக்கு தெரியாதே."

"அதான் சொல்றேன், ஒயுங்கா கத்துக்கோ."

நாற்று விடும் சமயத்தில் பதினேழில் இரண்டு பை விதை வேண்டும் என்றார். எங்களிடம் கலவன் பிடுங்குபவர்களுக்கு வேண்டிய விதையை நாங்களே கொடுப்பது வழக்கம். தருவதாகச் சொன்னேன்.

கார்த்திகைக் கடைசியில் இரண்டாம் பரிசோதனை. சாக்கைப் பிரித்தபோதே புளித்த வாடை அடித்தது. முளைத்தவை முப்பத்தாறு. மீதியில் பலவற்றின்மேல் சாம்பல் நிறப் பூசணம். பாக்கியம் ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தினார். பால்போல் நீர் கசிந்தது. இன்னொன்றை அழுத்தினார். பிறகு வரிசையாக எட்டுப் பத்து மணிகள்.

"பாப்பா, இது செத்துப்போச்சி" என்றார்.

நான் சட்டென்று அறைக்கு வெளியே பார்த்தேன். சித்தப்பா முற்றத்தில் இருந்தார். "இங்க அந்த வார்த்தைய சொல்லாத" என்றேன்.

"சொல்லலன்னா முளைச்சிடுமா? எங்க தெருவுல செத்தா செத்துதுன்னுதான் சொல்லுவோம். தூக்கினு போயி பொதைக்கணும் இல்ல?"

"பாக்கியம்!"

"சரி, சொல்லல. நீயே அமுக்கிப் பாரு."

அழுத்திப் பார்த்தேன். என் கட்டைவிரலில் அந்த நீர் ஒட்டியது. நான் அறிந்தேன் என்பதைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. இளையவர்களான நீங்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. உறங்கும் விதை என்றால் இரண்டாம் பரிசோதனையில் உறங்குவது குறைந்திருக்க வேண்டும். அது கூடியிருந்தது. இதைக் கணக்கிட இலக்கியம் படித்த அறிவே போதும்.

ஆனால் என் முன் இருந்த தாளில் இரண்டு கட்டங்கள்தாம் இருந்தன. முதல் கட்டத்தில் முப்பத்தாறு என்று எழுதினேன். கூட்டினால் நூறு வரவேண்டும். மீதி அறுபத்துநான்கையும் எழுத ஒரே இடம்தான் இருந்தது. எழுதினேன். எழுதும்போது என் மனத்தில் இருந்த சமாதானத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, தந்தை படித்தால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தபோது தந்தையும் சித்தப்பாவும் விதை அறையில் உட்கார்ந்தார்கள். நாற்று விடும் காலம். ஊர்களிலிருந்து ஆட்கள் கேட்டு வரத் தொடங்கிவிட்டார்கள்.

"இந்த நவரைய வுட்டோம்னா வேற கம்பெனிக்காரன் பூந்துடுவான். அப்புறம் பதினேயாவது பதினெட்டாவது, எவனும் கேக்கமாட்டான்" என்றார் சித்தப்பா.

தந்தை பதிவேட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அறுவத்தி நாலு தூங்குதுன்னு போட்டுக்கீற."

"ஆமாம் நைனா."

"மழையில நனைஞ்ச நெல்லு, கூட கொஞ்சம் தூங்குமோ என்னவோ. ரெண்டு வெயில் காட்டினா முழிச்சுக்கும். இன்னாம்மா, நீ எழுதினது சரிதான?"

கேள்வி என்னிடம் வந்துவிட்டது. அந்த அறையில் அப்போது மூன்று பேர் இருந்தோம். நகத்தால் அழுத்திப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

"சரிதான் நைனா" என்றேன்.

நூற்றுக்கு எண்பது முளைத்தால்தான் விதையாக விற்கலாம் என்பது விதி. எங்கள் பைகளில் கட்டும் சீட்டுக்கு உண்மைநிலைச் சீட்டு என்று பெயர். முளைப்புத்திறன் எண்பது என்று அந்தச் சீட்டுகளில் என் கையெழுத்தில் எழுதினேன். எழுத்து மிகவும் திருத்தமாக இருந்தது.

மறுநாள் காலை பாக்கியமும் அவர் கணவரும் வந்தார்கள். கணவர் அதிகம் பேசாதவர். மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பாக்கியம் உள்ளே வந்து, இரண்டு பைகளையும் பார்த்து, தைத்த வாயைத் தொட்டார்.

"இது அந்த நெல்லா பாப்பா?"

"ஆமாம்."

"அதான் செத்து..." என்று தொடங்கி நிறுத்தினார். முற்றத்தில் தந்தை இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னிக்கு நாம அமுக்கிப் பாத்தமே?" என்றார்.

"நைனா பாத்துட்டாரு. வெயில் காட்டியாச்சு. முழிச்சுக்கும்."

"புக்குல இன்னா எழுதிக்கீற?"

அவருக்குப் படிக்கத் தெரியாது. பதிவேட்டை விரித்து அந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"படி."

"உறங்குவது, அறுபத்துநான்கு."

"உறங்குவதுன்னா?"

"தூங்குது."

"தூங்குதுன்னா... தூங்குதா? நெசமாவே?"

அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு முழுமையாகப் புரிந்தது. எங்கள் இருவர் விரல்களும் அறிந்தது வேறாக இருக்க, தாளில் எழுதியிருப்பது எந்தத் தூக்கம் என்று கேட்டார். முற்றத்தில் தந்தை யாருக்கோ பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஊர் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"நெசமாத்தான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நீ படிச்சவ. நீ சொன்னா சரி" என்று சொல்லி ஒரு பையைத் தாமே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

நாற்றங்கால் நிலையைப் பார்க்க நான் பத்து நாள் போகவில்லை. பதினோராம் நாள் போனேன். எல்லா ஊர்களிலும் ஒரே நிலை. நிலம் பெரிதாக உள்ளவர்கள் திட்டுத்திட்டாக முளைத்ததைப் பார்த்ததும் தம் வீட்டு நெல்லை எடுத்து மறு நாற்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு வார எரிச்சல். காவாந்தண்டலத்தில் ஏரிக்குக் கீழே பாக்கியத்தின் நாற்றங்காலைப் பார்த்தேன். சேற்றுக்கு நடுவே அங்கங்கே பச்சை. சொட்டைத் தலையில் நிற்கும் மயிர்போல இருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து, முளைக்காமல் மிதந்த நெல்லைக் கையால் அள்ளி எறிந்துகொண்டிருந்தார். கணவர் வேறு நெல் கேட்டு வாலாஜாபாத்துக்குப் போயிருந்தார்.

நான் அருகில் போய் நின்றேன். சொல்வதற்குச் சில வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். 

"வெயில்ல நிக்காத பாப்பா, வூட்டுக்குப் போ" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

மறு நாற்றுக்கு நெல் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அது வளர்ந்து நடவுக்கு வந்தபோது தை பாதி கடந்துவிட்டது. நட்டார்கள். ஏரித் தண்ணீர் பங்குனி நடுவில் கீழ் மதகுக்கும் கீழே இறங்கிவிட்டது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்தது. அந்த இரண்டு ஏக்கரில் வைக்கோல்தான் கிடைத்தது. அதுவும் குட்டை.

"பயிர் வைக்கிற கையி வேற, கலவன் புடுங்கற கையி வேற" என்று நிலக்காரர் சொன்னாராம். சித்திரையில் நிலத்தை வேறு ஒருவரிடம் விட்டுவிட்டார். விதையைப் பற்றி யாரும் அவரிடம் பேசவில்லை. நான் போய்ப் பேசியிருக்கலாம். காவாந்தண்டலத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்விடலாம். போனால், செத்த விதை என்று தெரிந்தே கொடுத்தோம் என்று ஒரு மூன்றாம் மனிதரிடம் சொல்ல வேண்டியிருக்கும். நான் போகவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் தந்தை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை அழைத்தார்.

"சாக்க பிரிச்சப்ப கையால அமுக்கிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துது?"

"தண்ணி வுட்டுது."

"அப்புறம் ஏன் தூங்குதுன்னு எழுதின?"

"நீங்கதான் சொன்னீங்க நைனா."

"நான் பாக்கலியேம்மா" என்றார். "நான் எங்க பாத்தேன்? நம்பர கேட்டேன், புது நெல்லுன்னு சொன்னேன். மார்கழி பொறக்கறப்ப உன்ன கேட்டேனே. நீ பாத்து எழுதிக்கீறன்னு நம்பித்தான..."

 அவர் முகத்தில் சினம் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் என் எழுத்தை நம்பியிருந்தார். நான் அவர் பேச்சை நம்பியதாகச் சொல்லிக்கொண்டேன். அந்த விதையைத் தொட்டுப் பார்த்து உண்மையைப் பெயர் சொல்லி அழைத்தவர் எங்களிடம் வேலை செய்யும் பெண் ஒருத்திதான். அவர் வாயை நான் அடைத்துவிட்டேன்.

"அவளுக்கு நெலம் போயிடுச்சாமே?" என்று கேட்டார்.

"பேசிக்கறாங்க."

பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு அதைப் பற்றி அவர் சாகும்வரை பேசவில்லை.

அடுத்து நடந்ததுதான் சுவரில் உள்ள படங்களுக்குக் காரணம். அந்த நவரைக்கு எங்களிடம் விதை வாங்கிய எல்லோருக்கும் அடுத்த பட்டத்தில் பைக்குப் பை புதிதாகக் கொடுத்துவிட வேண்டும் என்று தந்தை முடிவு செய்தார். அப்படிச் செய்த விதைக்காரரை அந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. பேச்சு பரவிற்று. ஐயங்கார்குளத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். பதினோரு ஊர் முப்பது ஊராயிற்று. வாலாஜாபாத்தில் இரண்டாவது கிடங்கு எடுத்தோம். நேர்மையான கம்பெனி என்ற பெயர் எங்களுக்கு அந்த ஆண்டில்தான் வந்தது. நீங்கள் சேரும்போது உங்களுக்கும் அதைச் சொல்லியிருப்பார்கள்.

பாக்கியத்துக்கும் இரண்டு பை கொடுத்தனுப்பினோம். அவற்றை விதைக்க அவருக்கு நிலம் இல்லை. குத்திச் சோறாக்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஆண்டே பதிவேட்டில் அளவுகோல் வைத்து மூன்றாவது கட்டம் ஒன்றை வரைந்தேன். தலைப்பு எழுதக் கை வரவில்லை. ஓராண்டு அது தலைப்பில்லாமல் இருந்தது. பிறகு 'செத்தது' என்று எழுதினேன். தந்தை பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இன்று உங்கள் படிவத்தில் அதற்கென ஒரு பத்தி அச்சாகி வருகிறது. அரசாங்க விதிப்படி வந்தது என்று நினைத்து நிரப்புகிறீர்கள். அதில் தவறில்லை, அந்த விதியும் இருக்கிறது.

அந்தக் கட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று இதை முடிக்க என்னால் இயலவில்லை. கட்டத்தை வரைந்துவிட்டேன். அதில் எழுத வேண்டியதைச் சொல்லக்கூடியவரை இழந்திருந்தேன்.

பாக்கியம் அடுத்த சொர்ணவாரிக்கு வேலைக்கு வந்தார். வேறு எங்கே போவார்? அதன்பின் பதினான்கு ஆண்டுகள் எங்களிடம் கலவன் பிடுங்கினார். ஒரு பயிரைக்கூடத் தவறவிட்டதில்லை. பிடுங்கியவற்றை வரப்பில் போட்டுவிட்டுப் போவார். முன்போல என்னிடம் கொண்டுவந்து எண்ணச் சொல்லமாட்டார். பின்னால் வரும் பெண்கள் சிரிப்பார்கள், அவர் சிரிப்பதில்லை. முளைப்புச் சாக்கைப் பிரிக்க அழைத்தால் வருவார். பிரித்து விரித்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார்.

"அமுக்கிப் பாரு பாக்கியம்" என்பேன்.

அழுத்திப் பார்ப்பார். ஒவ்வொரு மணியாக, மிகக் கவனமாக. அவர் விரல் எதைக் கண்டது என்று அவர் முகத்தில் தெரியாது.

"எப்படி கீது?" என்று கேட்பேன்.

"நீங்க பாத்து எழுதிக்கங்கம்மா" என்பார்.